இரு கீபோர்டுகள், ஒரு கச்சேரி: உடன் நின்றவர்களுக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். எங்கள் மகளும் மகனும் சென்ற ஞாயிறு மாலை வழங்கிய கீபோர்டு இசைக் கச்சேரி நிறைவாக நடந்தேறியது. மேடையின் நடுவில் அமர்ந்தவர்கள் அவர்கள் இருவரே என்றாலும், அந்த மாலை கேட்கத்தக்கதாக அமைந்ததற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் அழைப்பிதழில் இடம்பெறவில்லை. பெயர் வேண்டாம் என்று சிலர் வற்புறுத்தியதால், இம்மடலிலும் பெயர்களைத் தவிர்த்து, ஒவ்வொருவரும் செய்ததை மட்டும் நன்றியோடு பதிவு செய்கிறோம்.

முதல் வணக்கம் பிள்ளைகளின் குருவுக்கு. கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்பதில் உள்ள இடர் இசையறிந்தோர் அனைவரும் அறிந்ததே. வீணையில் தந்தியை இழுக்கலாம், வயலினில் விரலை வழுக்கலாம். கீபோர்டிலோ ஒரு ஸ்தாயி (ஸ முதல் மேல் ஸ வரை) பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டப்பட்டிருக்க, ஒவ்வொரு ஸ்வரமும் தன் கட்டையிலேயே அசையாமல் நிற்கும். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிக்கச் செய்யும் நயம், வேண்டுமென்றால் வலக்கை வாசிக்கும்போதே இடக்கையால் சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்ட வேண்டும். கையை விட்டதும் அது தானாக நடுநிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், எவ்வளவு தள்ளுவது, எந்தக் கணத்தில் விடுவது என்பதைக் காதுதான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் காதை உருவாக்குவதற்காகவே குரு அம்மையார் நெடுநாள் சக்கரத்தைத் தொடவிடாமல் இருவரையும் பாட வைத்தார். தோடி ராகத்தின் காந்தார (க) ஸ்வரத்தை வாயால் பாடிக் காட்டாதவர் அதைக் கட்டையில் தேடக் கூடாது என்பது அவர் வகுப்பின் விதி. கட்டைகளில் ஓரளவு இயல்பாக அமரும் ஹம்சத்வனி ராகத்தைத் தொடக்கத்தில் வைத்தவர், பிள்ளைகள் எவ்வளவோ கெஞ்சியும் கமகம் மிகுந்த சஹானா ராகத்தைப் பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டார். அன்றைய நிகழ்ச்சிக்கு அவர் செய்த பேருதவி அந்த மறுப்புதான் என்று நாங்கள் கருதுகிறோம். மகள் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இருவரின் கருவிகளும் வெவ்வேறு மாதிரிகள். சக்கரத்தின் வீச்சு இரண்டிலும் ஒரே அளவில் அமையாவிட்டால் ஒரே கையசைவு இருவேறு கமகமாக ஒலிக்கும். இதை முதல் ஒத்திகையிலேயே கேட்டுக் கண்டுபிடித்து, வீச்சு, டிரான்ஸ்போஸ் (சுருதியை மாற்றும் அமைப்பு), கட்டையழுத்தத்திற்கு ஒலி ஏறி இறங்கும் அளவு ஆகிய மூன்றையும் இரு கருவிகளிலும் ஒப்பிட்டுச் சரிசெய்து, ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொடுத்த குருவின் மூத்த மாணவருக்கு எங்கள் தனி நன்றி.

பக்கவாத்தியக் கலைஞர்கள் இருவரையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி அரைக் கட்டை (ஒரு சிறு படி) ஏறும், இறங்கும். கடத்திற்கு அப்படி இல்லை, சூளையிலிருந்து வந்த சுருதிதான் பெரும்பாலும் அதன் ஆயுள் முழுவதும். ஆகவே எந்தச் சுருதியில் வாசிப்பது என்பதைக் கடத்தை வைத்தே முடிவு செய்தோம். அதற்காகக் கடம் வாசித்த பெரியவர் ஒன்றுக்கு இரண்டு கடங்களை ஒத்திகைக்குச் சுமந்து வந்து, நுணுக்கமான மிச்ச வேறுபாட்டைக் கீபோர்டின் டியூனிங் அமைப்பில் சரிசெய்யும் வரை பொறுமையோடு தட்டிக்கொண்டே இருந்தார். மேடை விளக்கின் சூட்டில் மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி விலகுவதும், மின்கருவி சிறிதும் விலகாமல் நின்ற இடத்திலேயே நிற்பதும் மிருதங்க வித்துவானுக்குக் கூடுதல் வேலை. ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில், மகள் அடுத்த ராகத்தைக் கோடிகாட்டும் சிறு பொழுதுக்குள், அவர் கல்லையும் மரக்கட்டையையும் எடுத்துச் சுருதி சேர்த்துக்கொண்ட வேகத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள். சிறுவர்களுக்கு வாசிக்கிறோம் என்று அவர்கள் எதையும் குறைத்துக்கொள்ளவுமில்லை, பிள்ளைகளைத் திணறடிக்கவுமில்லை. பிரதானமாக வாசித்த கல்யாணி ராகக் கிருதிக்குப் பின், தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், அதை முடிக்கும் தாளக் கோவையான கோர்வையை ஒத்திகையிலேயே சொல்லிக்கொடுத்து, இருவரையும் தாளம் போட வைத்தார்கள். பாடல் வரி தொடங்கும் இடமான எடுப்பு, தாளத்தின் முதல் அடியான சமத்திலிருந்து அரை இடம் தள்ளி வருவதால் மகனுக்கு அங்கேதான் அச்சம். கோர்வை முடியும் வேளையில் வித்துவான் அவன் பக்கம் திரும்பித் தலையசைத்தார். அவனும் தவறாமல் எடுத்தான். அந்தத் தலையசைப்புக்கு எங்களால் கைம்மாறு செய்ய இயலாது.

ஒலியமைப்பைப் பொறுப்பேற்ற இளைஞர் ஒரு கலைஞருக்குரிய அக்கறையோடு பணி செய்தார். இரண்டு கீபோர்டுகள் ஒரே ஸ்தாயியில் வாசிக்கும்போது யார் எதை வாசிக்கிறார்கள் என்று தெரியாமல் குழம்புவது இயல்பு. அவர் அக்காவின் ஒலியைச் சற்றே இடப்புறமும் தம்பியின் ஒலியைச் சற்றே வலப்புறமும் ஒதுக்கி வைத்ததால்தான், கல்பனா ஸ்வரத்தில் (கற்பனையாக அப்போதே கோத்து வாசிக்கும் ஸ்வரங்களில்) இருவரும் மாறி மாறி வாசித்தபோது கண்ணை மூடிக் கேட்டவர்களுக்கும் கேள்வியும் பதிலும் பிரிந்து கேட்டன. கருவிகளின் சொந்த ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டு, இருவருக்கும் எதிரே தனித்தனி மானிட்டர் ஸ்பீக்கர் வைத்து, அதில் மிருதங்கத்தையும் தம்பூராவையும் கூட்டிக்கொடுத்தார். மாலையில் தொடர்ந்து வந்த ஓர் உறுமல் சத்தத்தை, ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்து, இறுதியில் கீபோர்டை ஒலியமைப்போடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸின் கிரவுண்ட் சுவிட்சில் தீர்த்தவரும் அவரே.

எதிர்வீட்டு அன்பர் தம் கணினிக்கு வைத்திருந்த யுபிஎஸ்ஸைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நொடி மின்சாரம் தடைப்பட்டாலே கீபோர்டு மீண்டும் உயிர்பெறும்போது சுருதி, குரல் (தேர்ந்தெடுத்த ஒலி வகை) எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடக்கூடும் என்பதை எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். அன்று மின்தடை ஏற்படவில்லை. ஆயினும் பிள்ளைகள் அந்தக் கவலையின்றி வாசித்தார்கள்.

அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தனியே வாசிக்கும்போது ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். இருவர் சேர்ந்து வாசிக்க ஒருவர் ஒலி மற்றவருக்குக் கேட்டாக வேண்டும். ஆகவே ஒரே வர்ணத்தை இரண்டு காலத்திலும் (வேகத்திலும்) நாள்தோறும் நீங்களும் கேட்டீர்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. மேல்தளத்துப் பாட்டியம்மா, சரணத்தில் தம்பி முந்துகிறான் என்று மாடிப்படியில் நிறுத்திச் சொன்னது மிகச் சரியான விமர்சனம்.

அரங்கை ஏற்பாடு செய்தவர்கள், வரவேற்றவர்கள், தொகுப்புரை வழங்கியவர், ஒளிப்படம் எடுத்தவர், முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கிவைத்த பிள்ளைகளின் தோழர்கள் ஆகிய எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். மங்களம் வரை எழாமல் அமர்ந்து, ஆலாபனையின்போது கைபேசிகளை அடக்கி வைத்திருந்த அவையோருக்கும் எங்கள் வணக்கம். கச்சேரிக்குப் பின் மகளிடம் வந்து, கல்யாணியில் நிஷாத (நி) ஸ்வரத்தைச் சற்று அதிகமாக அசைத்துவிட்டாய் என்று அன்போடு சொல்லிச் சென்ற பெரியவரே, தாங்கள் யாரென்று கேட்பதற்குள் புறப்பட்டுவிட்டீர்கள். அவள் மறுநாளே அந்த இடத்தை மீண்டும் வாசித்துப் பார்த்தாள் என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம்.

ஒலிப்பதிவு கேட்டு எழுதியவர்களுக்கு ஒரு சொல்: பக்கவாத்தியக் கலைஞர்களும் குருவும் முழுமையாகக் கேட்டு இசைவு தெரிவித்த பின்னரே அதைப் பகிர்வது என்று முடிவு செய்திருக்கிறோம், அதுவரை பொறுத்தருள வேண்டுகிறோம். மேடையருகே இருந்த மடக்கு ஸ்டாண்டு ஒன்று எங்கள் பொருள்களோடு கலந்து வந்துள்ளது. உரியவர் தெரிவித்தால் நேரில் கொண்டுவந்து ஒப்படைப்போம்.

நன்றியுடன்,
இரு பிள்ளைகளின் பெற்றோர்