எக்ஸ்பிரஷன், டெர்ம், ஃபேக்டர்

செல்வி,

திருநெல்வேலிக்கே டிரான்ஸ்ஃபர் கிடைச்சதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்டி, அம்மா பக்கத்துலயே இருக்கலாம். இங்க மாமியாருக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது.

2+3*4 குடுத்தா கம்ப்யூட்டர் 20 சொல்லாம எப்படி 14 சொல்லுதுன்னு உன் பொண்ணு கேட்டாள்ல, அதுக்கு டைனி பேசிக்க விட (பேசிக்ங்கற புரோகிராம் மொழியோட குட்டி வடிவம்) நல்ல பதில் எனக்குத் தெரியல. 1975ல ஆல்டேர் 8800ங்கற வீட்லயே வச்சுக்கற கம்ப்யூட்டர் வந்தப்போ அடிப்படை மாடல்ல மெமரி வெறும் 256 பைட், நிறைய பேர் கூட சேர்த்ததும் சில கேபி தான், அந்தச் சின்ன இடத்துக்குள்ள அவங்கவங்களே ஒரு பேசிக் எழுதிக்கட்டும்னு ஸ்டான்ஃபோர்ட்ல இருந்த டென்னிஸ் அலிசன் ஒரு குட்டி கிராமர், அதாவது அந்த மொழிக்கான இலக்கண விதிகள், போட்டுக் குடுத்தார். வேரியபிள் ஏ-லேர்ந்து இஸட் வரைக்கும் 26 தான், எல்லாம் முழு எண். அதுல மூணு விதி இருக்கு பாரு, அவ்ளோ அழகு. டெர்ம்களை பிளஸ் மைனஸால சேர்த்தா எக்ஸ்பிரஷன், ஃபேக்டர்களை பெருக்கி வகுத்தா டெர்ம், ஃபேக்டர்னா ஒரு நம்பர், இல்ல வேரியபிள், இல்லன்னா பிராக்கெட்டுக்குள்ள மறுபடி ஒரு எக்ஸ்பிரஷன்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது பேர் சொல்லிக் கூப்பிடுற குட்டி புரோகிராம், எழுதிட்டா போதும். எக்ஸ்பிரஷன் டெர்மைக் கூப்பிடும், டெர்ம் ஃபேக்டரைக் கூப்பிடும், 2 கிடைக்கும், அடுத்தது பிளஸ், அது டெர்மோட வேலை இல்ல, அதனால 2-ஐ மேல குடுத்துட்டு முடிச்சிக்கும். எக்ஸ்பிரஷன் பிளஸை எடுத்துகிட்டு திரும்ப டெர்மைக் கூப்பிடும், இந்த தடவை 3-க்கு அப்புறம் ஸ்டார் வருதா, டெர்ம் விடாது, 4-ஐயும் வாங்கி 12 ஆக்கிட்டு தான் திருப்பித் தரும். பெருக்கலை முதல்ல பண்ணுன்னு எங்கயுமே ஒரு வரி எழுதல, யார் யாரைக் கூப்பிடுறாங்கங்கறதுலயே அந்த ரூல் உக்காந்திருக்கு!

பாடத்துல, எழுதினதைப் படிச்சுப் பிரிக்கிற பார்ஸர் ஒரு மரம் கட்டும், அதை ஓட்டுற இன்டர்பிரெட்டர் அதுல கிளை கிளையா போய் கணக்கு போடும்னு படிச்சோமே, இங்க மரமே கிடையாது, படிக்கும்போதே கணக்கும் முடிஞ்சிடுது. மெமரி மிச்சம், ஆனா வேகம் போச்சு, லூப் 1000 தடவை சுத்தினா அதே வரியை 1000 தடவையும் முதல்லேர்ந்து படிக்கணும். கோட்டோ (இந்த நம்பர் வரிக்குப் போன்னு சொல்ற கட்டளை) வந்தா பல பேசிக்ல அந்த வரியை புரோகிராமோட முதல் வரிலேர்ந்து தேடும், அதனாலயே அடிக்கடி கூப்பிடுற சப்ரொட்டீனை, அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுற துண்டை, சின்ன லைன் நம்பர்ல வைப்பாங்க.

அவளை பைத்தான்ல இந்த மூணு ஃபங்ஷனையும் எழுதச் சொல்லு. 10-4-3க்கு 3 வந்துட்டா, அடுத்து பவர் (அடுக்கு, ^ குறி) சேர்க்கட்டும், 2^3^2க்கு வலது பக்கத்தை முதல்ல போட்டு, அதாவது 2^9, 512 வரணும். மைனஸுக்குப் போட்ட அதே லூப்பைப் போட்டா 64 தான் வரும், அந்த ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டா தான் சரியா வரும், ஆனா இதை இப்பவே அவகிட்ட சொல்லிடாதடி. எழுதினதும் கோடை எனக்கு அனுப்பச் சொல்லு.

கீதா