செயலாளர் ஆண்டறிக்கை: பள்ளிக் கட்டட நிதி வரைபடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நம் சங்கம் உருப்படியாகச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். நகரின் அரசுப் பள்ளிகளுக்கான கட்டட நிதி எந்தப் பகுதிக்கு எவ்வளவு போகிறது என்று, யார் பார்த்தாலும் புரிகிற மாதிரி ஒரு வரைபடம் போட்டோம். மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் வாக்குக் கொடுத்தவன் நான்தான். ஆண்டு முழுக்க இழுத்துவிட்டது.

முதலில் வார்டு வார்டாக நிறம் தீட்டினோம். நிதி கூடினால் அடர்நிறம். ஆள் குறைவான புறநகர் வார்டு படத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. பிள்ளைகள் நெருக்கியடித்துப் படிக்கும் நடுநகரமோ நகக்கண் அளவுக்குத்தான் தெரிந்தது. சரி, பள்ளிக்கு ஒரு வட்டம் என்று மாற்றினோம். இதில் தவறு என்னுடையது. நிதி இரு மடங்கு என்றால் விட்டத்தை இரு மடங்காக்கினேன். பரப்பு நாலு மடங்காகிவிட்டது. ஒரு பள்ளி மட்டும் இப்படி ஊதிக் கிடக்கிறதே என்று ஓர் உறுப்பினர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரிய சண்டை, தொகையை எதால் வகுப்பது என்பதில். 2,000 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 40 பங்கு, 200 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு 8 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தைப் பார்த்தால் பெரிய பள்ளிக்கு ஐந்து மடங்கு. தலைக்கு வகுத்தால் சின்னப் பள்ளிக்கு இரு மடங்கு. 1826-இல் பிரான்சில் சார்ல் டூபின் என்ற கணித அறிஞர் பள்ளிக் கல்வியைப் பற்றி வெளியிட்ட வரைபடம்தான், பகுதி பகுதியாக நிறம் தீட்டியவற்றில் முதலாவது என்பார்கள். அவரும் வெறும் எண்ணிக்கையைத் தீட்டவில்லை. மக்கள்தொகையோடு ஒப்பிட்டுத்தான் தீட்டினார். ஆனால் கூரைக்குத் தலைக்கணக்கு தெரியுமா? உள்ளே 20 பேர் இருந்தாலும் 40 பேர் இருந்தாலும், ஒழுகினால் முழுக் கூரையையும்தான் மாற்ற வேண்டும். அதனால் தளப்பரப்பையும் கட்டடத்தின் வயதையும் தனித்தனிப் படமாகப் பக்கத்திலேயே வைத்தோம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். அப்படிச் செய்தால் எது எவ்வளவு கனம் என்று நாமே நினைத்தபடி தீர்மானித்துவிட்டு, அதைக் கணக்கு என்று சொல்லிக்கொள்வோம்.

இன்னொன்று, கட்டட நிதி சம்பளம் மாதிரி மாதாமாதம் வருவதில்லை. ஓர் ஆண்டு புதுக் கட்டடம் எழும், அப்புறம் பல ஆண்டுகளுக்குச் சுண்ணாம்புகூட அடிக்க மாட்டார்கள். ஒரே ஆண்டின் படத்தைப் பார்த்தால் நேற்று கட்டடம் வாங்கிய பள்ளி செல்லப்பிள்ளையாகத் தெரியும். ஆகவே 10 ஆண்டுத் தொகையை, விலைவாசி ஏற்றத்தைச் சரிசெய்து கூட்டினோம். ஒதுக்கிய பணத்தையும் செலவான பணத்தையும் கலக்கவில்லை.

‘பல பள்ளிகள், பழுதுபார்ப்பு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய தொகைகளை எந்த வட்டத்திலும் போட முடியவில்லை. பிரித்துப் பகிர்ந்துவிடலாம் என்றார்கள் சிலர். அது நாமே கதை கட்டுவதாகிவிடும். வரைபடத்தின் ஓரத்தில் சாம்பல் நிறப் பெட்டியாக நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த ஆண்டு, அந்தச் சாம்பல் பெட்டியைப் பள்ளிவாரியாகப் பிரித்துத் தரும்படி எழுத்துமூலம் கேட்பதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

செயலாளர்