டிபன் பாக்ஸைக் கேட்ட டாக்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு ஒன்பது வயது, ஏடிஎச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை, இருக்கிறது. பள்ளி வாசலில் அதே பிரச்சினை உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள், "உங்க பையனுக்கு என்ன மாத்திரைங்க, எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்கிறார்கள். தவிப்பில் கேட்பது புரிகிறது, ஆனாலும் பதில் சொல்லப் பயமாக இருக்கிறது.

முதலில் பார்த்த டாக்டர் ஐந்தே நிமிடத்தில் நாள் முழுக்க வேலை செய்யும் மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். பிள்ளை சோற்றைத் தொடவில்லை, இரவு பன்னிரண்டு மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தான். மருந்தே வேண்டாம் என்று அவரிடமே கேட்டு நிறுத்திவிட்டோம்.

அப்புறம் போன டாக்டர் முக்கால் மணி நேரம் கேள்விதான் கேட்டார். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா, பையன் கண்ணை அடிக்கடி சிமிட்டுவானா, பயந்த சுபாவமா, எந்த நேரத்தில் அதிகம் தடுமாறுகிறான், டிபன் பாக்ஸ் எப்படித் திரும்பி வருகிறது. எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் மருந்துப் பேச்சையே எடுத்தார். எழுதியது அதே மெத்தில்பெனிடேட்தான்! ஆனால் சுமார் நான்கு மணி நேரம் மட்டும் வேலை செய்யும் வகை, 5 மில்லிகிராமில் ஆரம்பம், காலை இட்லி சாப்பிட்ட பிறகு. இந்த மருந்தின் அளவை எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம், குண்டுப் பையனுக்குக் குறைவாகவும் ஒல்லிப் பையனுக்குக் கூடுதலாகவும் தேவைப்படலாம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்துத்தான் தெரியும் என்றார். இது ஒத்துக்கொள்ளாவிட்டால் அடோமாக்செட்டின் என்ற வேறு மருந்து இருக்கிறது. அதற்கு எடை பார்த்துத்தான் அளவு, முழுப் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், பதற்றமோ கண் சிமிட்டல் மாதிரி தன்னையறியாமல் திரும்பத் திரும்ப வரும் வெட்டிழுப்போ உள்ள பிள்ளைகளுக்குச் சில சமயம் அதையே முதலில் யோசிப்போம் என்றும் விளக்கினார்.

ஒரு நோட்டும் போடச் சொன்னார். மாத்திரை கொடுத்த நேரம், தூங்கிய நேரம், மதியம் மிச்சம் வைத்த தயிர்சாதம், டீச்சர் சொன்னது என்று தினமும் நாலு வரி. மூன்றாவது வாரம் அளவைக் கூட்டலாமா என்று அந்த நோட்டைப் புரட்டித்தான் முடிவு செய்தார்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஏடிஎச்டி பற்றி எழுதும்போது மருந்துப் பெயர்களோடு நிறுத்திவிடாமல், டாக்டரிடம் போவதற்கு முன் பெற்றோர் எதையெல்லாம் கவனித்துக் குறித்துவைக்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து போடுங்கள். அதை வெட்டி அந்த அம்மாக்கள் கையில் நானே கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், திருச்சி