டெட்ராய்ட் சுவரும் எங்கள் தாமானும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர், மலிவு வீட்டு வட்டாரங்கள் குப்பையும் சண்டையுமாகக் கிடப்பதற்கு அங்கே குடியிருப்பவர்களின் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் அப்படிப்பட்ட ஒரு தாமானில், அதாவது மலிவு வீட்டுக் குடியிருப்பில்தான் இருக்கிறேன், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில்.

மூன்று மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பினேன். டெட்ராய்ட் நகரத்துக்கு வெளியே, ஃபார்மிங்டன் ஹில்ஸில் இருக்கிறாள். அகலமான சாலை, சீராக வெட்டிய புல், நம் ஆட்களும் நிறைய. டெட்ராய்டைப் பார்க்கணும் என்று சொன்னதும் மருமகன், "எட்டு மைல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேணாம் மாமா, நல்லா இருக்காது" என்றார். அந்த ரோடுதான் டெட்ராய்டின் வடக்கு எல்லை. மருமகன் நல்ல பிள்ளை, என் பாதுகாப்பை நினைத்துத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் எங்கள் தாமானுக்கு டாக்சி கூப்பிட்டால் ஓட்டுநர்கள் சொல்வதும் இதேதான்.

ஒரு ஞாயிறு பசியாறியதும் மகள் கூட்டிப்போனாள். எட்டு மைல் ரோட்டைத் தாண்டியதும் வீடுகளின் பின்புறமாக ஒரு சுவர் போகிறது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். விளையாட்டுத் திடல் பக்கம் மட்டும் வண்ணப் படங்கள் வரைந்திருக்கிறார்கள், அதில் சிறுவர்கள் சோப்புக் குமிழி ஊதுகிறார்கள். படம் முடிந்த இடத்திலிருந்து வெறும் சிமெண்ட். கை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சூடாக இருந்தது.

1941ல் வெள்ளையர்களுக்கு வீடு கட்ட வந்த ஒரு நிறுவனம் எழுப்பிய சுவர் அது. கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டிய நிலம் என்பதால் அங்கே வாங்கும் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மத்திய அரசின் வீட்டுக்கடன் துறை மறுத்தது. சுவர் எழும்பிய பிறகு கொடுத்தது. அதற்கு முன்பே, 1930களில், கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளையெல்லாம் வரைபடத்தில் சிவப்பு பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்துவிட்டார்கள். கார் தொழிற்சாலையில் வேலை இருந்தும் வங்கிக் கடன் இல்லையென்றால் ஒருவர் வீட்டை வாங்குவது எப்படி, ஒழுகும் கூரையை மாற்றுவதுதான் எப்படி? 1950ல் சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம் பேர் இருந்த நகரம், 2020ல் சுமார் 6 லட்சத்து 39 ஆயிரம். நடுவில் 2013ல் நகராட்சியே திவாலானது. இப்போது சுவரின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்தான், சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

அப்புறம் ஒரு தெருவைப் பார்த்தோம். வரிசையாக வீடுகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் நிற்கின்றன, மிச்சமெல்லாம் இடுப்புயரப் புல். இரண்டு வீட்டின் ஜன்னல்களில் பலகை அடித்திருந்தது. மூன்றாவது வீட்டில் வயதான ஒரு அம்மா ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்துக் கையசைத்தார். தன் வாசலை மட்டுமா, பக்கத்து மனையின் ஓரத்தையும் கூட்டி வைத்திருந்தார். அவரையும் சோம்பேறி என்பாரா நம் வாசகர்?

நம் கதைக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் தமிழர்களான நாம் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மலாய்க்காரர்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில். 1948 ஜூன் 16ல் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்த பிறகு, சீனர்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்து முள்வேலி போட்டார்கள். வேலியை எப்போதோ எடுத்துவிட்டார்கள், ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது பெரிதாக மாறவில்லை. தோட்டம் தனியார் நிலம், அதனால் கம்பத்துக்கு வந்த ரோடும் தண்ணீரும் லயத்துக்கு வரவில்லை. என் அப்பா 31 வருஷம் பால்மரம் வெட்டினார். தோட்டத்தை விற்றார்கள், வேலையோடு வீடும் போனது, ஏனென்றால் வீடு ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. ஒரு லாரியில் சாமான்களை ஏற்றி இந்த அடுக்குமாடிக்கு வந்தோம். அம்மா முருங்கைக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார், நடுவதற்கு இங்கே மண் இல்லை.

ஆசிரியர் அவர்களே, ஒரு நிருபரை எங்கள் தாமானுக்கு அனுப்பிவையுங்கள். மதிய மழை விட்டதும் வரச் சொல்லுங்கள், அப்போதுதான் கால்வாய்த் தண்ணீர் கீழ்வீட்டுப் படியேறுவதையும், பெண்கள் அதை வாளியில் மொண்டு வெளியே ஊற்றுவதையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தோட்டத்தில் பிறந்த ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்