மியான்மரின் தமு நகரில் உறவினர் இறந்தால், சென்றுவர அன்றே எல்லை அனுமதிச் சீட்டு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மோரே வாழ் தமிழர் ஒருவர்,
தெங்நௌபால் மாவட்டம், மணிப்பூர்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், மியான்மர் எல்லையிலுள்ள மோரேயில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டுக் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது கப்பலேறிச் சென்னை வந்த எங்கள் பெரியவர்கள், பிழைக்க வழியின்றித் தரைவழியாகத் திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, இக்கரையிலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள். எல்லையில் ஓடும் சிற்றாற்றுக்கு அப்பால் சில கிலோமீட்டரில் தமு இருக்கிறது. எங்கள் உறவுகளில் பாதி அங்கேதான்.

எல்லையோரத்தார் 16 கிலோமீட்டர் வரை விசா இன்றிச் சென்றுவர இருந்த நடைமுறையை முடித்துக்கொள்வதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. பின்னர் 10 கிலோமீட்டர் எல்லைக்குள் அனுமதிச் சீட்டுடன் சென்றுவரும் முறை வந்தது. இதை நாங்கள் குறைகூறவில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் இனக்கலவரம் வெடித்தபின் இவ்வூரில் எரிந்த வீடுகளைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பாதுகாப்பின் அருமை தெரியும்.

ஆனால் சாவு சீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. என் அத்தை தமுவில் காலமான செய்தி விடியற்காலையில் தொலைபேசியில் வந்தது. உடன்பிறந்தவரான என் தந்தை, கோடித் துணியை மடியில் வைத்துக்கொண்டு, சீட்டு வழங்கும் இடத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்தார். சான்று போதாதென்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் பால் தெளிக்கவும் போக முடியவில்லை. பத்தாம் நாள் காரியத்தை ஆற்றின் இக்கரையில் செய்து, அந்தத் துணியைத் தண்ணீரில் விட்டோம். எழுபத்தெட்டு வயதில் அவர் அன்று அழுததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆகவே, இறப்பு நேர்ந்தால் விடுமுறை நாளானாலும் அன்றே சீட்டு வழங்கவும், அக்கரையிலிருந்து சான்றிதழ் வரும்வரை காக்க வைக்காமல் உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் கடிதத்தையே சான்றாக ஏற்கவும், மத்திய உள்துறை அமைச்சகத்துக்கும் மணிப்பூர் அரசுக்கும் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மூன்று நாள் அனுமதி கிடைத்தாலே போதும். அடக்கமும் பால் தெளிப்பும் அதற்குள் முடிந்துவிடும். திரும்பி வந்ததும் சீட்டை ஒப்படைக்கும் பொறுப்பைச் சங்கத்தாரிடமே விடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மோரே வாழ் தமிழர்