பனிக்கட்டி தரைதட்டிய அன்று கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். துருவப் பகுதிகள் பற்றிய மூன்று வாரப் பாடம் நேற்றோடு முடிந்தது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு நான் ஒருத்தியே எல்லாவற்றையும் நடத்தியதாகப் பலரும் பாராட்டுகிறார்கள், அந்தப் பாராட்டைப் பங்கு பிரிக்கத்தான் இந்த மடல்.

முதலில் ஆய்வக உதவியாளர் அண்ணன். ஒரு கண்ணாடிக் குவளையில் மிதக்கும் பனிக்கட்டி, இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் மேல் பனிக்கட்டி, நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு. மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், நிலத்தின் மேல் கிடக்கும் பனி உருகினால் ஏறும், அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். அன்றைக்கு இரண்டு குவளையிலும் ஏறிவிட்டது! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளைகள் எடுத்திருந்த வீடியோவை அண்ணன்தான் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து, "டீச்சர், கட்டி மிதக்கவே இல்ல, அடியில தரைதட்டி நிக்குது" என்றார். ஆமாம், கட்டிகளை அளவுக்கு மேல் அடுக்கிவிட்டிருந்தேன், மிதக்காமல் அடியில் நின்ற அந்தப் பனியும் கல்லின் மேலிருந்த பனியைப் போலவே மட்டத்தை ஏற்றிவிட்டது. மேற்கு அண்டார்க்டிகாவின் பனியில் பெரும்பகுதி இப்படித்தான், கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. உடனே அந்த வரைபடத்தைத் திரையில் போட்டேன், வேறெந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அடுத்து, அண்டார்க்டிகாவில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி ஆய்வு செய்த அந்த அறிவியலாளர் அக்கா. பழைய பனி தண்ணீரில் உருகும்போது உள்ளே அடைபட்ட காற்றுக்குமிழிகள் பட் பட்டென்று வெடிக்கும் ஒலியைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். அண்டார்க்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனித்தண்டில் 8 லட்சம் ஆண்டுப் பழைய காற்று கிடைத்தது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அது வெறும் எண்தான். ஹெட்போனைக் கழற்றிய ஒரு பையன், "அந்தக் காத்து இப்பதான் வெளிய வருது, இல்ல டீச்சர்?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே அக்காவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆர்க்டிக் கடல் பனியின் செப்டம்பர் மாதச் செயற்கைக்கோள் படங்களை 1979 முதல் வரிசையாகக் கோத்து, ஒரு வருடம் ஒரு நொடி என்று ஓடவைத்தவர் ஒரு மாணவியின் அப்பா. இரண்டு இரவு தூங்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் 2012-இல் நிறுத்தச் சொல்லி, 1980-இன் எல்லையை வரைந்த டிரேசிங் தாளை அதன் மேல் வைத்துப் பார்த்தார்கள். செயற்கைக்கோள் பதிவுகளிலேயே மிகக் குறைந்த பரப்பு 2012-இனுடையதுதான்.

அப்புறம், பைக்குள் பை வைத்து நடுவில் வனஸ்பதி அடைத்து, சீல் என்ற கடல்விலங்கின் கொழுப்பு அடுக்கு போலக் கையுறை செய்து தந்த அம்மாக்கள். ஐஸ் தண்ணீரிலிருந்து வெறுங்கையை அரை நிமிடத்தில் உருவிக்கொண்ட ஒரு சின்னப் பெண், கையுறையோடு விட்ட கையை எடுக்கவே மாட்டேன் என்றாள்.

வீடியோக்களும் ஒலிப்பதிவும் வேண்டும் என்கிற ஆசிரியர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். அக்கா, உங்களுக்குப் பிள்ளைகள் எழுதிய கேள்விகள் தனியாக வருகின்றன, கொஞ்சம் நீளமான பட்டியல்தான். மாதக்கணக்கில் இருட்டாக இருந்தால் தூக்கம் எப்படி வரும் என்பதை மட்டும் ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்.