விளக்கம் கேட்க வேண்டியது அந்தச் சிஸ்டரிடம் அல்ல

நீலகிரி மலையில் அரசு மருத்துவமனைகளைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு செய்தி காதுக்கு வந்தது. அதனால் நன்றியோடு வேறு சிலதும் சேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பையனுக்கு நெற்றியில் தையல் போட்ட அன்று கேஷுவாலிட்டியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். டியூட்டியில் இருந்த நர்ஸ் சிஸ்டர் வரிசையைத் தாண்டி ஒரு பையனை முதலில் உள்ளே விட்டார், விளக்கை அணைத்தார், ஒருவர் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் தாய் தகப்பன் இருவரையும் இருக்கவிட்டார் என்று புகார் போய், அந்தச் சிஸ்டரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்களாம். எந்த மருத்துவமனை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் அவருக்குத்தான் மெமோ வரும்.

அந்த விளக்கத்தை அவருக்குப் பதிலாக நானே தருகிறேன்.

என் பையனுக்கு ஆட்டிசம். பேச்சு வராது. மலையில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவது என்றால் முதலில் பஸ். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்தால்தான் திரும்ப முடியும், டிரைவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தம் இவனுக்குக் காதில் ஆணி அடிப்பது போல. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியில் தலையை முட்டுவான். அடுத்த வளைவு எங்கே வரும் என்று அவனுக்கு மனப்பாடம், அதனால் ஹாரனுக்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே அவனிடம் பொறுமை என்று ஒன்றும் மிச்சம் இருக்காது. உள்ளே போனால் டோக்கன் நம்பரைக் கத்திக் கூப்பிடும் குரல், மின்னி மின்னி எரியும் டியூப்லைட், மருந்து நெடி, “அழுதா ஊசி போட்டுடுவாங்க” என்று யாரோ தன் பிள்ளையை மிரட்டும் சத்தம். இவன் கத்துவான். கூட்டம் அவனைப் பார்க்காது, என்னைத்தான் பார்க்கும். “புள்ளைய வளர்த்த லட்சணம்” என்று காதுபடவே சொல்வார்கள்.

முன்பு ஓர் இடத்தில் பல்வலிக்குக் காட்டப் போனபோது நாலு பேர் கைகாலை அமுக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வெள்ளைக் கோட்டு போட்டவர் யாராக இருந்தாலும், சலூன்காரர் உட்பட, இவன் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான்.

இந்தச் சிஸ்டர் செய்தது இதுதான். இவன் கத்தியதும், “அம்மா, இவனுக்கு என்ன புடிக்கும்?” என்று கேட்டார். பஸ் என்றேன். ஓபி சீட்டின் பின்பக்கம் ஒரு பஸ்ஸை வரைந்தார். அப்புறம் தண்ணீர், மருந்து, ஊசி, நூல், பஞ்சு, கடைசியில் வீடு என்று நிறுத்தம் நிறுத்தமாகப் படம் போட்டு, ஒவ்வொன்று முடிந்ததும் பேனாவை அவன் கையிலேயே கொடுத்து அந்தப் படத்தைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். டியூட்டி டாக்டரும் மரத்துப்போகும் ஊசி வேலை செய்யும்வரை அவசரப்படாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தையல் விழும்போது பையன் என் மடியில் இருந்தான். அழுதான், அழத்தானே செய்வான். ஆனால் ஓடவில்லை. யாரும் அவனை அமுக்கவும் இல்லை.

இதைக் கருணை என்று சொல்லி நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீங்கள் விதிமீறல் என்கிறீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அதன் 25-ஆவது பிரிவு, இவர்களுக்கு மருத்துவமனையில் முன்னுரிமை தந்து சிகிச்சை அளிக்க வேண்டும் என்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அப்படியென்றால் அன்று கேஷுவாலிட்டியில் விதிப்படி நடந்தவர் யார்?

ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று ஏப்ரல் 2 வந்தால் நீல விளக்குப் போடுகிறீர்கள், பேரணி நடத்துகிறீர்கள், பேனர் பிடித்துப் போட்டோ எடுக்கிறீர்கள். அவர் ஒரு டியூப்லைட்டை அணைத்தார், அவ்வளவுதான். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு சீசனில் எத்தனை வண்டி மலையேறியது என்று கணக்குச் சொல்ல முடிகிறது. இந்த மலையில் ஆட்டிசப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். “அப்படின்னா என்னம்மா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். ஊட்டியில் 2025-இல் 700 படுக்கைகளோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்திருக்கிறது, மனசாரச் சந்தோஷம். ஆனால் கோத்தகிரியிலும் பந்தலூரிலும் குந்தாவிலும் நெற்றி உடைந்த பிள்ளை முதலில் போய் நிற்பது பக்கத்து ஆஸ்பத்திரியில்தான். பேச்சுப் பயிற்சிக்குக் கோவைக்குக் கீழே இறங்கும் கதையை இங்கே ஆரம்பித்தால் மடல் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சிஸ்டரிடம் கேட்ட விளக்கத்தைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அவர் செய்ததை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக எழுதி, மாவட்டத்தின் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அனுப்புங்கள். இப்படிப்பட்ட பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள், தாய் தகப்பனை வெளியே அனுப்பாதீர்கள், சத்தமில்லாத ஒரு மூலை கொடுங்கள், உயிருக்கு ஆபத்தில்லாதபோது அமுக்கிப் பிடிக்காதீர்கள். புதுக் கட்டடம் கேட்கவில்லை, நிதி ஒதுக்கச் சொல்லவில்லை. நல்ல சிஸ்டர் டியூட்டியில் இருக்கும் நாளாகப் பார்த்தா பிள்ளைக்கு அடிபடும்? அதனால் திரும்பவும் கேட்கிறேன்: விளக்கத்தைத் திரும்பப் பெற்று, சுற்றறிக்கையை அனுப்புங்கள்.

இதையே மனுவாகவும் எழுதி, வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன். வீட்டில் விட்டுவர ஆளில்லை, பையனும் கூட வருவான். கொஞ்சம் சீக்கிரம் கூப்பிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய்